அபராதப் பணத்தில் ஊர் நடக்கலாமா?

தீபாவளி நெருங்கும் நாள்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடமிருக்காது. புத்தாடை, பலகாரம், பூமாலை வாங்க வருவோரின் கார்கள் சாலையின் இருபுறமும் நெருக்கி நிற்கும். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் ஜாலான் துன் சம்பந்தனிலும் இதே நிலைதான். ‘ஐந்தே நிமிடம்’ என்று எண்ணி மஞ்சள் கோட்டின்மேல் காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் சென்றவர் திரும்பி வரும்போது, காரின் முன்கண்ணாடியில் ஓர் அபராதச் சீட்டு காத்திருக்கும். அதைக் கண்டதும் பலரும் சொல்வது ஒன்றே: “காசு பார்ப்பதற்காகவே பிடிக்கிறார்கள்!” இக்குற்றச்சாட்டு நியாயமானதா? விடை காண, அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மலேசியாவில் வாகனமோட்டிகள் செலுத்தும் அபராதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வதில்லை. வேகக் கட்டுப்பாட்டை மீறுதல், சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் செல்லுதல் போன்ற குற்றங்களுக்குக் காவல்துறையும் சாலைப் போக்குவரத்துத் துறையும் சம்மன் வழங்குகின்றன. அந்தப் பணம் கூட்டரசு அரசாங்கத்தின் நிதியில் சேர்கிறது. கிள்ளானில் எத்தனை பேர் வேகமாகச் சென்று பிடிபட்டாலும் அதனால் நகர மன்றத்தின் வருமானம் உயர்வதில்லை. ஆனால், வாகனத்தை முறையின்றி நிறுத்தியதற்காக ஊராட்சி மன்றம் வழங்கும் அபராதத்தின் கதை வேறு. ‘கொம்பவுன்’ என்று பேச்சு வழக்கில் அழைக்கப்படும் அது, அந்த மன்றத்தின் வருமானமாகவே அமைகிறது. கோலாலம்பூரில் கோலாலம்பூர் மாநகர் மன்றமும், கிள்ளானில் 2024ஆம் ஆண்டு மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றமும் இப்பணியைச் செய்கின்றன.

அப்படியானால், இம்மன்றங்கள் அபராதத்தை நம்பித்தான் இயங்குகின்றனவா? இல்லை. கால்வாய்களைத் தூர்வாருதல், தெருவிளக்கு பொருத்துதல், பூங்காக்களையும் சந்தைகளையும் பராமரித்தல் முதலிய பணிகளுக்கு முதன்மையாகக் கைகொடுப்பது மதிப்பீட்டு வரியே. வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் உரிமையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை இவ்வரியைச் செலுத்துகின்றனர். ஒரு கட்டடம் ஓராண்டில் எவ்வளவு வாடகை பெறக்கூடும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காடு வரியாக விதிக்கப்படுகிறது. அது 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. இதனுடன் உரிமக் கட்டணம், வாடகை, அரசாங்க மானியம் ஆகியனவும் சேர்கின்றன. அபராதம் இவற்றோடு சேரும் ஒரு சிறு கிளை.

எனினும், அந்தக் கிளையைப் பெரிதாக்கும் ஆசை எந்த மன்றத்திற்கும் எழக்கூடும். ஏனெனில், வரியை உயர்த்துவது எளிதன்று. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 1992ஆம் ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாக 2013ஆம் ஆண்டின் இறுதியில் சொத்துகளை மறுமதிப்பீடு செய்தபோது, நகரவாசிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. வரி எல்லாரையும் தொடுகிறது. எல்லாரும் ஒன்றுகூடிக் கேள்வி கேட்கின்றனர். அபராதமோ தனித்தனி ஆளைத் தொடுகிறது. அவரும் தவறு செய்தவர் என்பதால் அவருக்காகப் பரிந்து பேசுவோர் குறைவு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அபராதத்தின் நோக்கம் தவறைக் குறைப்பது. அது நன்றாக வேலை செய்தால் தவறு குறையும். தவறு குறைந்தால் வசூலும் குறையும். ஒரு மன்றம் அடுத்த ஆண்டு 10 லட்சம் ரிங்கிட் அபராதம் வசூலாகும் என்று கணக்கிட்டு, அதைத் தெருவிளக்குகளுக்கு ஒதுக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மக்கள் எல்லாரும் திருந்திவிட்டால் விளக்குக்குப் பணமில்லை! அப்போது அம்மன்றம் மனத்தளவில் யாரை எதிர்பார்க்கும்? தவறு செய்பவரைத்தான்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மேக்ஸ் கிரீக் என்ற சிற்றூர் இருந்தது. சில நூறு பேரே வாழ்ந்த அவ்வூர், நெடுஞ்சாலை வழியே செல்லும் வாகனமோட்டிகளிடம் பெற்ற அபராதத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 1995ஆம் ஆண்டு, ஓர் ஊரின் வருமானத்தில் போக்குவரத்து அபராதம் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மூன்றே ஆண்டுகளில் மேக்ஸ் கிரீக் திவாலானது. பின்னர் அவ்வூரின் நிர்வாகமே கலைக்கப்பட்டது.

அதே மாநிலத்தின் பெர்குசன் நகரம் இன்னும் கசப்பான பாடத்தைத் தந்தது. அந்நகரம் 2015ஆம் ஆண்டு எதிர்பார்த்த பொது வருமானம் ஏறத்தாழ 1 கோடியே 32 லட்சம் டாலர். அதில் 30 லட்சம் டாலருக்கு மேல் அபராதத்திலிருந்தும் நீதிமன்றக் கட்டணத்திலிருந்தும் வரவேண்டியதாக இருந்தது. சிறு அபராதத்தைக்கூடக் கட்ட இயலாத ஏழைகள்மீது கைது ஆணைகள் பிறந்தன. பாதுகாப்பைவிட வருமானமே காவல் பணியை வழிநடத்தியது என்று அமெரிக்க நீதித்துறையின் அறிக்கை சுட்டிக்காட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதை அது.

மலேசியாவும் இக்கேள்வியைச் சந்தித்துள்ளது. 2012ஆம் ஆண்டு சாலைகளில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றை நிறுவி இயக்கிய தனியார் நிறுவனங்களுக்கு அபராதத்தில் ஒரு பங்கு தரப்படும் என்பது ஏற்பாடு. விபத்தைத் தடுக்கவா, இலாபம் ஈட்டவா என்று மக்கள் வினவினர். 2018ஆம் ஆண்டு அரசாங்கமே அத்திட்டத்தின் இயக்கத்தை ஏற்றுக்கொண்டது. கேமரா தேவைதான், ஆனால், பிடிபடுவோர் பெருகினால் ஒருவருக்கு இலாபம் என்ற நிலை இருந்தால், நேர்மையான நடவடிக்கையின் மீதும் ஐயம் எழும் என்பதை அவ்விவாதம் உணர்த்தியது.

இதனால் அபராதமே வேண்டாம் என்று கூற முடியுமா? பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ளது. வெள்ளைக்கோலைத் தட்டியபடி அங்கு நடப்போருக்கு நடைபாதையே கண். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளோ காரோ நின்றால், அவர்கள் வாகனங்கள் ஓடும் சாலையில் இறங்க நேரிடும். ‘ஐந்தே நிமிடம்’ என்று நினைப்பவருக்கு இது தெரிவதில்லை. அவருக்குத் தெரியச் செய்வதற்கே அபராதம்.

ஆகவே, எவ்வளவு வசூலானது என்பதைக் கொண்டு ஓர் அபராதத்தின் வெற்றியை அளக்கக்கூடாது. எத்தனை நடைபாதைகள் தடையின்றிக் கிடைத்தன என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். ஊரை நடத்தும் செலவை ஊரார் அனைவரும் வரியாகப் பகிர்ந்துகொள்வதே முறை. ஆண்டுதோறும் அபராத வசூல் குறைந்துகொண்டே வந்தாலும் விளக்குகள் அணையாத நகரமே நன்கு நடத்தப்படும் நகரம்.