பழைய கீர்த்தனைப் புத்தகத்தை அப்படியே அச்சிடலாமா?

பரணைச் சுத்தம் செய்யும்போது அட்டை கழன்ற கீர்த்தனைப் புத்தகம் ஒன்று கிடைப்பது சேத்தியாத்தோப்பு, புவனகிரிப் பக்கம் அதிசயமில்லை. முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடிய தில்லை பக்கத்தில்தானே இருக்கிறது! ஸ்கேன் செய்து, உள்ளது உள்ளபடி நூறு பிரதி போடலாம் என்று ஆசை வரும். போடலாமா?

அவர்கள் பாட்டுக்குத் தடையில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. சிக்கல் சுரக்குறிப்பில். சாகித்தியம் ஒரு படைப்பு, இசை வேறு படைப்பு என்கிறது சட்டம். பின்னாளில் ஒருவர் மெட்டமைத்துச் சுரப்படுத்தியிருந்தால் அவர் மறைந்த ஆண்டையும் பார்க்க வேண்டும்.

சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைப் பாருங்கள். அவர் 1906-ல் மறைந்தார். மூலத்தை யாரும் நகலெடுத்து அச்சிடலாம். ஆனால் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் கொண்டுவந்த தமிழ்ப் பதிப்பில் கை வைக்க முடியாது. அதைத் தமிழாக்கியவர்களில் ஒருவரான பி. ராஜம் ஐயர் 2009 வரை இருந்தவர். பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு.

வெறுமனே ஸ்கேன் எடுத்ததால் ஒருவருக்குப் புது உரிமை வந்துவிடாது என்பது என் கருத்து. உழைப்பு மட்டும் போதாது, சிறிதாவது ஆக்கத்திறன் வேண்டும் என்று 2007-ல் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபதிப்பாளர் சேர்த்த முன்னுரையும் அடிக்குறிப்பும் மட்டும் அவருடையவை. பிரிட்டனில் பக்க அமைப்புக்கே 25 ஆண்டு உரிமை உண்டு, நம்மூரில் கிடையாது. சுவடி நூலகம் படம் தரும்போது நிபந்தனை போட்டு வாங்கும் கையெழுத்து தனி. உரிமை காலாவதியானாலும் அந்த நிபந்தனை உங்களைக் கட்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உரிமையாளர் யாரென்றே தெரியாத நூலுக்குப் பிரிவு 31ஏ-இன்படி, நாளிதழில் விளம்பரம் கொடுத்துவிட்டு உரிமம் கேட்கலாம். உரிமையே இல்லாதவர் வக்கீல் நோட்டீஸ் விட்டு மிரட்டினால், பிரிவு 60-இன்கீழ் நீங்களே வழக்குப் போட்டு அதைத் தடுக்கலாம்.

வாரிசு சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பிரதி, என்ன விலை, இணையத்தில் ஏற்றலாமா என்பதும் அதில் இருக்கட்டும்.