எந்த நிலையில் எடுத்த அளவு?

மின்நிலையத்தின் திறன் 600 மெகாவாட் என்றால், அது எந்நேரமும் 600 மெகாவாட் தருகிறது என்று பொருளல்ல. இதை நெய்வேலியை அடுத்த கம்மாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சோவியத் உதவியுடன் கட்டப்பட்டு 1962-ல் முதல் யூனிட்டை ஓட்டத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 600 மெகாவாட்டாக இருந்தது. ஆனால் ஒரு நாள் எத்தனை யூனிட் ஓடின, கேட்பு எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் தெரியாமல், அன்றைய உற்பத்தியை மட்டும் பார்த்து நிலையம் நன்றாக இருக்கிறதா, பழுதா என்று சொல்லிவிட முடியாது.

செல்லுக்குள் இருக்கும் மின்நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை அளக்கும் ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்தத் துறையின் கலைச்சொற்கள் முதல் பார்வைக்கு மிரட்டும். லீக், ஆக்ஸ்ஃபாஸ், ரொட்டீன், இ.டி. கொள்திறன், ராக்ஸ் என்று வரிசையாக வரும். உண்மையில் இவை ஒரே கேள்விக்கான விடைகள்: இந்த எண், எந்த நிலையில் எடுத்த அளவு?

உள்ளே நடப்பது என்ன?

சிவப்பணுக்களைத் தவிர நம் உடலின் செல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பங்கு அங்கேதான் செலவாகிறது. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்துள்ள காம்ப்ளக்ஸ் 1 முதல் 4 வரையிலான புரதத் தொகுதிகள் வழியாகக் கைமாறிச் சென்று, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன, ஆக்சிஜன் தண்ணீராகிறது. இந்தப் பயணத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு 1, 3, 4 ஆகிய மூன்று தொகுதிகளும் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளிப்புறம் தள்ளுகின்றன.

வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கும். பாய்லரில் ஏறிய நீராவி அழுத்தம் டர்பைனைத் தேடுவது போன்ற நிலை இது. அந்த டர்பைனின் பெயர் ஏடிபி சிந்தேஸ். அது நிஜமாகவே சுழல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-ல் நுண்ணோக்கியின் கீழ் அதன் சுழற்சியைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த நொதியின் இயக்கத்தை விளக்கியதற்காக பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் அதே ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரோட்டான் அழுத்தமே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று பீட்டர் மிட்செல் 1961-லேயே சொன்னார். பலர் நம்ப மறுத்தார்கள். 1978-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

மின்நிலையம் அனுப்புவது மின்சாரம். மைட்டோகாண்ட்ரியா அனுப்புவது, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதை நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று, பிறகு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, திசுக்களில் உள்ள பாஸ்பரஸை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அந்த முறை கையில் இருந்ததால்தான் 1927-ல் ஃபாஸ்ஃபோகிரியேட்டினும் 1929-ல் ஏடிபியும் தசையில் பிடிபட்டன. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டறிந்தார். நம்பகமான அளவுமுறை முதலில், கண்டுபிடிப்பு பிறகு. சுப்பாராவின் வாழ்க்கை காட்டும் இந்த வரிசை இத்துறையில் இன்றும் மாறவில்லை.

இரண்டு கோடுகள்

சுவாசத்தை அளப்பது எப்படி? ஆக்சிஜன் குறையும் வேகத்தைப் பார்க்க வேண்டும். 1950-களின் நடுவில் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க், மெல்லிய பிளாஸ்டிக் சவ்வுக்குப் பின்னால் மின்முனைகளை வைத்து, திரவத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை உருவாக்கினார். சவ்வைக் கடந்து வரும் ஆக்சிஜனுக்கு ஏற்ப மின்னோட்டம் கூடும், குறையும்.

அதே தத்துவத்தில், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் எரிக் க்னைகர் வளர்த்தெடுத்த கருவி ஓரோபோரோஸ் ஓ2கே. அதில் இரண்டு கண்ணாடி அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லி கொள்ளும். வெப்பம் 37 டிகிரியில் நிற்கும். உள்ளே சிறு கலக்கி ஓயாமல் சுழலும். சில மில்லிகிராம் தசையோ, இரத்தத் தட்டணுக்களோ போதும். காற்றுப் புகாதபடி மூடிவிட்டால், உள்ளே குறையும் ஆக்சிஜன் எல்லாம் மாதிரியின் கணக்கில் சேரும்.

கருவியோடு இணைந்த மென்பொருளின் பெயர் டாட்லாப். திரையில் நீலக் கோடு ஆக்சிஜனின் செறிவு. அது படிப்படியாக இறங்கும். சிவப்புக் கோடு, நீலக் கோடு இறங்கும் வேகம். இதை ஃப்ளக்ஸ் என்பார்கள். நீலக் கோடு செங்குத்தாக விழுந்தால் சிவப்பு மேலேறும்; நீலம் படுத்துவிட்டால் சிவப்பு பூஜ்யத்தை நெருங்கும். ஆய்வாளரின் கண் சிவப்பின் மேல்தான் இருக்கும். அது ஒரு நொடிக்கு, ஒரு மில்லிக்கு எத்தனை பிக்கோமோல் ஆக்சிஜன் செலவாகிறது என்பதைச் சொல்கிறது.

நிலைகளின் பெயர்கள்

ஒன்றும் சேர்க்காமல், உயிருள்ள முழுச் செல் தன் தேவைக்கேற்ப சுவாசிப்பது ரொட்டீன். அன்றைய கேட்புக்கு ஏற்ப ஓடும் மின்நிலையம் அது.

உணவு உண்டு, ஆக்சிஜன் உண்டு, ஆனால் ஏடிபி செய்யத் தேவையான மூலப்பொருள் ஏடிபி சிந்தேஸுக்குக் கிடைக்கவில்லை. அதாவது, ஏடிபி-யாக மாற வேண்டிய, இரண்டு பாஸ்பேட் கொண்ட அடினோசின் டைஃபாஸ்ஃபேட் இல்லை. டர்பைன் நிற்கிறது. அப்போதும் சிறிது ஆக்சிஜன் செலவாகிக்கொண்டேயிருக்கும். புரோட்டான்கள் சவ்வின் வழியே கசிந்து திரும்புவதால், அந்த இழப்பை ஈடுகட்ட நடக்கும் சுவாசம் இது. இதன் பெயர் லீக். இதை வெறும் நஷ்டம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் யுசிபி-1 என்ற புரதம் வேண்டுமென்றே புரோட்டான்களைக் கசியவிட்டு, உடலுக்குச் சூடு தருகிறது.

அடினோசின் டைஃபாஸ்ஃபேட்டைத் தாராளமாகச் சேர்த்தால் டர்பைன் முழுவீச்சில் சுழலும், ஆக்சிஜன் செலவு துள்ளி ஏறும். இது ஆக்ஸ்ஃபாஸ் நிலை. இப்போது அன்கப்ளர் எனப்படும் வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். அது சவ்வில் புரோட்டான்களுக்குத் திறந்த வழி அமைக்கிறது, அழுத்தம் தளர்கிறது, எலக்ட்ரான் பாதை தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் ஓடுகிறது. இதுவே இ.டி. கொள்திறன். கடைசியாகப் பாதையையே அடைத்துவிட்டாலும் எஞ்சும் சிறு ஆக்சிஜன் செலவு ராக்ஸ். அது மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தில் சேராது. மற்ற எல்லா அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவரின் செல்களிலும் ரொட்டீன் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இ.டி. கொள்திறன் 60, மற்றவருக்கு 25. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் இருவரும் சமம் என்பார். ஆனால் காய்ச்சலோ கடும் உழைப்போ வந்தால் முதலாமவரின் செல்லுக்கு மூன்று மடங்கு வரை ஏற இடமுண்டு. இரண்டாமவர் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறார். நிலையின் பெயரை விட்டுவிட்டால் நோய் கண்ணில் படாது.

இந்தப் பெயர்களுக்கு முன்பும் ஒரு முறை இருந்தது. பிரிட்டன் சான்ஸும் ஜி.ஆர். வில்லியம்ஸும் 1955-ல் நிலை 1 முதல் நிலை 5 வரை எண்ணிட்டார்கள். அவர்களுடைய சோதனையில் எது முதலில் வந்தது, எது பிறகு என்ற வரிசைப்படி இட்ட எண்கள் அவை. சோதனையின் வரிசை மாறியதும் எண்கள் குழப்பின. ஆகவே, உள்ளே என்ன நடக்கிறது என்பதையே பெயராக வைக்கும் முறை வந்தது. உலகெங்கும் பல நூறு ஆய்வாளர்கள் சேர்ந்து, க்னைகரின் ஒருங்கிணைப்பில், 2020-ல் பொதுச் சொற்றொகுப்பை வெளியிட்டார்கள்.

கசிவு மிஞ்சினால்

பிரான்ஸில் முதல் உலகப்போர்க் கால வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் கையாண்ட தொழிலாளர்கள் எடை குறைந்து, வியர்த்து, காய்ச்சலில் சிலர் இறந்தும் போனார்கள். 1930-களில் அமெரிக்காவில் அதையே இளைக்கும் மாத்திரையாக விற்றார்கள். அங்கும் உயிர்கள் போயின. அது ஓர் அன்கப்ளர். சாப்பாடெல்லாம் ஏடிபி ஆகாமல் வெறும் சூடாகிவிடுகிறது. இன்றும் இணையத்தில் எங்கோ கிடைக்கும் இதை யாரும் தொடக் கூடாது.

1962-ல் ஸ்வீடனில் ரோல்ஃப் லுஃப்ட் குழுவினர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். நிறையச் சாப்பிட்டும் மெலிந்திருந்தார், எப்போதும் வியர்த்தார். தைராய்டில் கோளாறு இல்லை. அவருடைய தசையிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியா, கட்டுப்பாடின்றிச் சுவாசித்தது. மைட்டோகாண்ட்ரியாவில் வேர்கொண்டதென அறியப்பட்ட முதல் மனித நோய் இதுவே. லீக் எது, ஆக்ஸ்ஃபாஸ் எது என்று பிரித்து அளந்ததால்தான் அது தெரிந்தது.

சோதனையின் நடை

ஒரே மாதிரியில் இத்தனை நிலைகளையும் அடுத்தடுத்து எழுப்பும் திட்டத்துக்கு சூட் நெறிமுறை என்று பெயர். உணவுப்பொருள், அன்கப்ளர், தடுப்பான் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஊசியால் செலுத்துவார்கள். பைருவேட்டும் மாலேட்டும் முதலில். காம்ப்ளக்ஸ் 1 வழி திறக்கும், லீக் தெரியும். அடுத்து அடினோசின் டைஃபாஸ்ஃபேட், ஆக்ஸ்ஃபாஸ். பிறகு சைட்டோகுரோம் சி. இதனால் சுவாசம் சட்டென்று ஏறினால், மாதிரியைத் தயாரிக்கும்போதே வெளிச்சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். சக்சினேட் சேர்த்தால் காம்ப்ளக்ஸ் 2 வழியும் இணையும். அன்கப்ளர் உச்சத்தைக் காட்டும். ரோட்டினோன் காம்ப்ளக்ஸ் 1-ஐ அடைக்கும், ஆன்டிமைசின் 3-ஐ அடைக்கும், மிஞ்சுவது ராக்ஸ்.

நான்காம் தொகுதியை அடைப்பது சயனைடு. பச்சை மரவள்ளிக் கிழங்கில் சயனைடாக மாறும் பொருள் இருப்பதால்தான், அதைத் தோல் சீவி நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

மென்பொருளின் வேலை

எந்த நொடியில் எந்தப் பொருளைச் செலுத்தினோம் என்பதை வரைகோட்டின் மேலேயே பதிவது ஈவென்ட். கோடு நிலைபெற்ற பகுதியைத் தேர்ந்து, அதன் சராசரியை எடுப்பது மார்க். காற்று நிறைந்த கரைசலிலும் ஆக்சிஜனே இல்லாத கரைசலிலும் சென்சாரைச் சரிபார்ப்பது காலிபிரேஷன். அன்றைய காற்றழுத்தமும் இந்தக் கணக்கில் சேரும். சென்சாரே கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்னும். அறையின் சுவரிலிருந்தும் கொஞ்சம் உள்ளே வரும். மாதிரி இல்லாமல் அவற்றை அளந்து கழிப்பது பின்னணித் திருத்தம். இத்தனையும் கோப்பில் கூடவே இருந்தால்தான், இன்னோர் ஊரின் ஆய்வகம் அதே எண்ணைச் சோதித்துப் பார்க்க முடியும்.

இன்னொன்று மிச்சமுண்டு: எதற்கு இவ்வளவு? ஒரு மில்லிகிராம் தசைக்கா, பத்து லட்சம் செல்லுக்கா, மைட்டோகாண்ட்ரியாவின் அளவுக்கா? தசையில் மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கை குறைந்தாலும் ஃப்ளக்ஸ் குறையும். எண்ணிக்கை சரியாக இருந்து தரம் கெட்டாலும் குறையும். முன்னதற்கு மருந்து உடற்பயிற்சியாக இருக்கலாம். பின்னதற்கு அது போதாமல் போகலாம்.

எனவே, ஏதோ ஒரு சத்து மாத்திரை மைட்டோகாண்ட்ரியாவின் திறனைக் கூட்டும் என்று விளம்பரம் வந்தால், பிளஸ் டூ மாணவரும் நான்கு கேள்விகள் கேட்கலாம். எந்த நிலையில் அளந்தார்கள்? எந்த உணவுப்பொருளைக் கொடுத்து? எதற்கு இவ்வளவு என்று கணக்கிட்டு? ராக்ஸைக் கழித்தார்களா? இந்த நான்குக்கும் விடை இல்லாத எண்ணை நம்பிக் காசு கொடுக்க வேண்டியதில்லை.