உத்திக்குப் பெயர் தந்த வாயில்

இலக்கிய உலகில் சில உத்திகள் எவருக்கும் தனியுரிமை உடையன அல்ல. கடிதங்களாலேயே கதையை நடத்திச் செல்லுதல், கதைக்குள் கதை வைத்தல், முடிவை முதலிற் சொல்லிப் பின்னோக்கிச் செல்லுதல் முதலியன பொதுக் கிணற்று நீர் போன்றவை. வேண்டியவர் வேண்டிய அளவு முகந்து கொள்ளலாம். ஆயின், வேறு சில உத்திகளும் உள. அவற்றை எவர் கையாண்டாலும் வாசகர் நெஞ்சில் ஒரே ஒரு படைப்புத்தான் முன்வந்து நிற்கும். கதை சொல்லிச் சொல்லியே தன் உயிரைக் காத்துக்கொள்ளும் பெண்ணொருத்தியைப் பற்றி யார் எழுதினாலும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நினைவுக்கு வராமற் போகாது. அவ்வாறே, ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறாகக் கூற, அவற்றுள் எது மெய் என்று துணியமாட்டாமல் நாம் திகைக்கும்படி யார் எழுதினாலும் ‘ரஷோமொன்’ என்ற சொல் உடனே வந்து விழுந்துவிடும்.

தான் கையாண்ட முறைக்கே பெயராகிவிடுவது ஒரு படைப்புக்கு எளிதில் வாய்க்கும் பேறன்று. எனினும் அந்தப் பேற்றுக்கு ஒரு விலையும் உண்டு. பெயர் வந்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. “இது ரஷோமொன்” என்று சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையையும் மறக்கிறோம். நம் முன்னால் இருக்கும் புதிய கதையையும் காண மறுக்கிறோம். இரண்டும் இழப்பே.

அகிரா குரோசாவா இயக்கிய ‘ரஷோமொன்’ 1950ஆம் ஆண்டு யப்பானில் வெளியாயிற்று. கொட்டும் மழையில், இடிந்து கிடக்கும் ஒரு கோட்டை வாயிலின் கீழ் மூவர் ஒதுங்கி நிற்கின்றனர். அவருள் ஒருவன் விறகுவெட்டி, மற்றொருவர் துறவி. தாம் அன்று விசாரணை மன்றிற் கேட்டவற்றை அவ்விருவரும் மூன்றாமவனுக்குச் சொல்கின்றனர். காட்டு வழியாக மனைவியோடு சென்ற வீரன் ஒருவனைக் கள்வன் ஒருவன் வஞ்சித்துக் கட்டிப்போடுகிறான். மனைவி வல்லுறவுக்கு ஆளாக்கப்படுகிறாள். பின்னர் வீரன் இறந்து கிடக்கிறான். அவனைக் கொன்றது யார்?

நேர்நின்று போரிட்டு நானே கொன்றேன் என்கிறான் கள்வன். கணவனின் வெறுப்பு நிறைந்த பார்வையைத் தாங்கமாட்டாமல், கையிற் குறுவாளோடு மயங்கி விழுந்ததாகவும், விழித்தபோது அது அவன் மார்பிற் பாய்ந்திருந்ததாகவும் மனைவி கூறுகிறாள். நானே என் உயிரை மாய்த்துக்கொண்டேன் என்று இறந்தவனின் ஆவி ஒரு குறிகாரியின் வாயிலாகப் பேசுகிறது. இறுதியில் விறகுவெட்டி தான் கண்ணாரக் கண்டதாக நான்காவது கதை ஒன்றைச் சொல்கிறான். அதில் வீரமும் இல்லை, மானமும் இல்லை. அஞ்சி நடுங்கும் இருவரின் அலங்கோலமான சண்டையே இருக்கிறது.

இப்படத்தின் கதைக்கு உரியவர் அகுதகாவா ரியுனொசுகே. 1892இற் பிறந்து 1927இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அம்மேதை, 1922இல் வெளியிட்ட ‘புதருக்குள்’ என்னும் சிறுகதையே இதன் மூலம். அச்சிறுகதையில் ஆசிரியர் தம் குரலில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. விறகுவெட்டி, வழிச்சென்ற துறவி, கள்வனைப் பிடித்த காவலன், பெண்ணின் தாய், கள்வன், பெண், இறந்தவனின் ஆவி ஆகிய ஏழு பேரின் கூற்றுகளே கதை. ஏழாவது கூற்று முடிந்ததும் கதையும் முடிகிறது. தீர்ப்பு இல்லை.

அப்படியாயின் ‘ரஷோமொன்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதுவும் அகுதகாவாவின் கதையொன்றின் பெயரே. ஆயினும் அது முற்றிலும் வேறான கதை. 1915இல் வெளிவந்த அக்கதையில், வேலையிழந்த பணியாள் ஒருவன் தலைநகரின் பாழடைந்த தென்வாயிலின் கீழ் மழைக்கு ஒதுங்கி, பட்டினி கிடப்பதா, களவுக்குத் துணிவதா என்று தடுமாறுகிறான். பலர் வாய்ப்பட்ட கூற்றுகள் அதில் இல்லை. திரைக்கதையை முதலில் எழுதியவர் ஹஷிமொத்தோ ஷினொபு. ‘புதருக்குள்’ கதை மட்டும் ஒரு முழுப் படத்துக்குப் போதாது என்று கண்டு, அந்த வாயிலையும் மழையையும் மற்றைக் கதையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தனர். நீளத்துக்காகச் சேர்க்கப்பட்ட வாயில் படத்துக்குப் பெயராயிற்று. படத்தின் பெயர் உத்தியின் பெயராயிற்று. உத்தியை உண்மையிற் கொண்டிருந்த கதையின் பெயரோ உலகின் நாவில் ஏறவில்லை. யப்பானிய மொழியில் மட்டும் இன்றும் ஒரு விவகாரத்தின் உண்மை தெளியாதபோது அது ‘புதருக்குள் இருக்கிறது’ என்று சொல்வது வழக்கு. பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த உலகில் வேறொரு பெயர்!

இந்த உத்தியைக் குரோசாவாவோ அகுதகாவாவோ முதன்முதலாகப் படைத்தனர் என்றும் கூறுதற்கில்லை. காட்டில் கணவன் கட்டுண்ட நிகழ்ச்சி ‘கொன்ஜகு மொனொகதாரி’ என்னும் பழைய யப்பானியக் கதைத் தொகுதியில் உள்ளது. அங்கே கொலையும் இல்லை, முரண்பட்ட கூற்றுகளும் இல்லை. ஒருவரே நேராகச் சொல்லிச் செல்லும் கதை அது. மற்றொரு புறத்தில், ஆங்கிலக் கவிஞர் றொபேர்ட் பிரவுணிங் 1868, 1869ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘மோதிரமும் நூலும்’ என்ற நெடுங்காவியம் உரோமாபுரியில் நடந்த கொலைவழக்கொன்றைப் பலரின் தனிமொழிகளாகப் பன்னிரண்டு பகுதிகளில் விரிக்கிறது. அமெரிக்கரான அம்புரோஸ் பியர்ஸ் 1907இல் எழுதிய ‘நிலவொளி வீதி’ என்ற சிறுகதையில் மகன் பேசுகிறான், தந்தை பேசுகிறான், கொலையுண்ட தாயும் ஆவியாக வந்து பேசுகிறாள். இவற்றை அகுதகாவாவின் முன்னோடிகளாக ஆய்வாளர் சுட்டுவர்.

முன்னோடிகள் இத்தனை பேர் இருக்க, உத்தி ஏன் இந்தப் படத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது? 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பரிசு பெற்று இப்படம் உலகெங்கும் சென்றது என்பது ஒரு காரணம். ஆனால் பரிசு மட்டும் ஒரு பெயரை இத்தனை காலம் நிலைநிறுத்த மாட்டாது. காரணம் படத்தின் உள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து.

அச்சில் ஒருவன் பேசும்போது அது அவன் பேச்சு என்பதை நாம் மறப்பதில்லை, ஐயத்தோடுதான் கேட்கிறோம். திரையில் அப்படியன்று. கண்ணாற் கண்டதை நடந்தது என்றே மனம் கொள்ளும். ‘கண்ணாற் காண்பதும் பொய்’ என்ற நம் முதுமொழியை நாம் அறிந்திருந்தும், படம் பார்க்கும்போது கண்ணை நம்பியே அமர்ந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையைக் குரோசாவா நான்கு முறை உடைத்தார். ஒவ்வொரு கூற்றையும் நடந்ததுபோலவே காட்டி, அடுத்த கூற்றால் அதை அழித்தார். அதற்கு மேலும் ஒன்று செய்தார். விசாரணை மன்றில் நீதிபதி காட்டப்படுவதே இல்லை; அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சி சொல்வோர் நம்மை நோக்கி அமர்ந்து நமக்கே விடை சொல்கின்றனர். நீதிபதியின் இருக்கையில் நம்மை இருத்திவிட்டுத் தீர்ப்பெழுத முடியாதபடி செய்துவிடுகிறார். அந்த இக்கட்டை ஒருமுறை அனுபவித்தவர் மறப்பதில்லை.

இனி, இப்பெயர் படும் பாட்டைப் பார்ப்போம். கருத்து வேறுபாடு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இன்று இப்பெயர் புகுந்துவிட்டது. ஒரே சமூகத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் இருவர் ஏன் வெவ்வேறு முடிவுக்கு வருகின்றனர் என்பதைப் பற்றி 1988இல் கார்ல் ஹைடர் எழுதிய கட்டுரை இப்பெயரையே தலைப்பிற் கொண்டது. புள்ளிவிவரவியலாளரான லியோ பிரைமன் 2001இல், ஒரே தரவுக்கு ஏறத்தாழ ஒரே அளவு பொருந்தும் பல மாதிரிகள் இருப்பதைக் குறிக்க இப்பெயரை எடுத்தாண்டார். துறையறிஞர் காரணத்தோடு ஆளும் ஆட்சி இது, குறை சொல்வதற்கில்லை. குறை எங்கே என்றால், பேச்சிலும் விமர்சனத்திலும் இச்சொல் ‘ஆளுக்கோர் உண்மை’ என்ற மலிவான முடிவுக்கு மூடுதுணியாவதிலேயாம்.

அந்தப் படம் அப்படிச் சொல்லவில்லை. அதில் ஒரு மனிதன் இறந்தான். ஒரு பெண் கொடுமைக்கு ஆளானாள். விலையுயர்ந்த குறுவாள் ஒன்று காணாமற் போயிற்று. இவை எவர் கூற்றாலும் மாறுவன அல்ல. மாறுவது, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அணிவித்துக்கொள்ளும் கோலம். சாதாரண வழக்கில் குற்றவாளி ‘நான் செய்யவில்லை’ என்றே பொய் சொல்வான். இங்கோ மூவரும் ‘என்னாலேயே அவ்வுயிர் போயிற்று’ என்று கொலையைத் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றனர். கொலையாளி என்ற பெயரைத் தாங்கலாம். கோழை என்ற பெயரைத் தாங்க முடியாது என்பதே கள்வனின் உள்ளக்கிடக்கை. மற்ற இருவருக்கும் அவரவர் மானம். தம்மைப் பற்றித் தமக்கே நேர்மையாகப் பேச மனிதரால் இயலவில்லை என்பதே கதையின் கரு என்று குரோசாவாவும் தம் தன்வரலாற்றில் விளக்கியிருக்கிறார். நடுநிலையாளனாகத் தோன்றிய விறகுவெட்டியும் தப்பவில்லை. குறுவாளைக் களவாடியதை மறைக்கவே அவன் தான் கண்டதை மன்றிற் சொல்லாமல் விட்டான். ஆகவே உண்மை இல்லை என்பதன்று படத்தின் செய்தி. உண்மை உண்டு, அதைச் சொல்லும் துணிவு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தமிழ்த் திரையுலகமும் இந்த உத்தியைத் தன் வழியில் ஏற்றது. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’ ரஷோமொனின் தூண்டுதலாற் பிறந்தது. பாட்டும் நடனமும் இல்லாத தமிழ்ப் படம் என்று இன்றும் போற்றப்படுவது அது. யப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். அவனைச் சுற்றியிருந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கின்றனர். ஆனால் இறுதியிற் கொலையாளி யார் என்பது தெளிவாகிறது. படம் பாராதவரின் சுவையைக் கெடுக்காதிருக்க அதை இங்கே சொல்லாது விடுகிறேன். 2004இல் வந்த கமல் ஹாசனின் ‘விருமாண்டி’யில் சிறையிலிருக்கும் இருவர் ஒரே வரலாற்றை இருவிதமாகச் சொல்கின்றனர், அங்கும் எக்கூற்று மெய் என்பதில் ஐயம் வைக்கப்படவில்லை. புறத்தோற்றம் ஒன்றாயினும் நோக்கம் வேறு. குரோசாவா தீர்ப்பை மறுத்தார். இவர்கள் தீர்ப்பை நோக்கிச் சென்றனர். தாழ்வு உயர்வு பேசுவது என் எண்ணமன்று. ‘ரஷோமொன் பாணி’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது என்பதே நான் சுட்ட விரும்புவது.

இது வெறும் பெயர்ப் பிணக்கன்று. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் சிறுகதை ஒன்று எழுதியிருந்தார். குடும்பக் காணி ஒன்றைப் பற்றி அண்ணன், தங்கை, தம்பி மூவரும் தத்தம் நியாயத்தைச் சொல்கின்றனர். உறுதி யார் பெயரில் எழுதப்பட்டது, தங்கைக்குச் சீதனமாக வாக்களிக்கப்பட்டதா இல்லையா என்பனவற்றில் மூவர் பேச்சும் மோதுகின்றன. ஆனால் மூன்று கூற்றுகளிலும் மாறாது நின்ற செய்தி ஒன்று உண்டு: தந்தையார் நோயுற்றுக் கிடந்த கடைசி மாதத்தில் மூவருள் ஒருவரும் அவர் அருகில் இருக்கவில்லை. ஒருவரும் அதை அழுத்திச் சொல்லவில்லை. ஒருவராலும் அதை மறைக்கவும் முடியவில்லை. கதையின் உயிர் அங்கேதான் இருந்தது. வாசித்த நண்பர் ஒருவரோ ‘இது ரஷோமொன் அல்லவா?’ என்று சொல்லிப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மாணவர் அதன் பின் அக்கதையை எங்கும் அனுப்பவில்லை. புகழ்பெற்ற பெயரொன்று நல்ல கதையொன்றின் வாயை அடைத்துவிட்டது.

அவருக்கு நான் சொன்னதையே வகுப்பறையில் இலக்கியம் கற்பிக்கும் நண்பர்களுக்கும் சொல்வேன். பலர் கூற்றாக அமைந்த கதை கைக்கு வரும்போது அதன் பெயரைக் கேட்க வேண்டாம். மூன்று வினாக்களைக் கேட்டால் போதும். இக்கூற்று யார் முன்னிலையில் நிகழ்கிறது? இதைச் சொல்பவர் தம்மைப் பற்றி எதைக் காப்பாற்ற முனைகிறார்? எல்லாக் கூற்றுகளிலும் மாறாது நிற்பது எது? அகத்திணைப் பாட்டொன்றை எடுத்தவுடன் இது யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் எழுந்தது என்று கேட்டுப் பழகிய நமக்கு இவ்வினாக்கள் புதியனவும் அல்ல, கடினமானவையும் அல்ல. இவற்றுக்கு விடை காணும்போது ஒரு கதை மற்றொன்றன் நிழலா, தனக்கென உருவம் உடையதா என்பது தானே விளங்கும்.

அகுதகாவா ஓர் உத்தியைக் கண்டுபிடிக்கவில்லை; அவ்வுத்தியால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கண்டார். குரோசாவாவும் அவ்வாறே. இனி வருபவரும் அவ்வாறு கண்டால் உத்தி அவர்களுக்கும் உரியதாகும். ரஷோமொன் என்ற அந்தப் பழைய வாயில் இன்று கியோத்தோ நகரில் இல்லை. அது நின்ற இடத்தைக் காட்டும் கற்றூண் ஒன்றே உண்டு. இலக்கியத்திலோ அது இன்னும் நிற்கிறது. வாயில் என்பது உள்ளே புகுவதற்கு உரியது. பெயரை வாசித்துவிட்டு வெளியே நின்று திரும்பிச் செல்வதற்கு அன்று.