திர்ஹம் நோட்டை நீட்டுமுன்

வளைகுடாவில் வேலைசெய்யும் மகன் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் விடுமுறையில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மும்பை விமான நிலையத்தில் இறங்கியதும், டாக்சிக்குப் பணம் வேண்டுமே என்ற அவசரத்தில், கையிலிருந்த 3,000 திர்ஹமையும் அங்குள்ள பணமாற்றுக் கடையிலேயே கொடுத்துவிடுகிறான். தாராவி வீட்டில் எண்ணிப்பார்க்கும்போது, தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆறாயிரம் ரூபாய் குறைகிறது. யாரும் திருடவில்லை, ரசீதும் ஒழுங்காகவே இருக்கிறது. அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிற்று?

விடை காண ஒரு வகுத்தல் கணக்குப் போதும். ஐக்கிய அரபு அமீரகம் 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற விகிதத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது. சவூதி ரியாலோ 1986 முதல் டாலருக்கு 3.75. ஆகவே அன்றைய டாலர் விலையை இந்த எண்ணால் வகுத்தால், நியாயமான மதிப்பு தெரிந்துவிடும். கணக்கிற்காக டாலர் 90 ரூபாய் என்று கொண்டால், திர்ஹம் ஏறக்குறைய 24 ரூபாய் 50 காசு. ரியால் 24 ரூபாய். கடைக்காரர் திர்ஹமுக்கு 22 ரூபாய் 50 காசு கொடுத்தால், இரண்டு ரூபாய் வீதம் 3,000 திர்ஹமுக்கு ஆறாயிரம் போய்விடுகிறது. குவைத் தினாருக்கு மட்டும் இவ்வழி உதவாது. அது 2007 முதல் பல நாணயங்களின் தொகுப்போடு இணைக்கப்பட்டுள்ளது.

அன்றைய டாலர் விலையை எங்கே பார்ப்பது? முன்பு ரிசர்வ் வங்கி கணக்கிட்டு வந்த ஒப்பு விலையை, 2018 ஜூலை முதல் எப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வேலைநாட்களில் பிற்பகலில் அறிவிக்கிறது. அந்த விலை முழுவதும் நம் கைக்கு வராது. கடைக்காரருக்கும் வாடகை உண்டு, இலாபமும் வேண்டும். எருசலேம் தேவாலயத்தில் தீரு நாட்டு வெள்ளிக்காசை மாற்றிக்கொடுத்த காசுக்காரர் காலத்திலிருந்தே இத்தொழில் இப்படித்தான் நடக்கிறது. எவ்வளவு குறைக்கிறார் என்பதே கேள்வி. "கமிஷன் இல்லை" என்ற பலகையைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். கமிஷன் பெரும்பாலும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பலகையில் "வாங்கும் விலை" என்றிருப்பதே நமக்குரியது. அநேகர் "விற்கும் விலை"யைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

ஆகவே விமான நிலையத்தில் வண்டிச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மறுநாள் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் உள்ள வங்கிக்கிளையிலும் உரிமம் பெற்ற இரண்டு கடைகளிலும் தொலைபேசியில் விசாரியுங்கள். "மூவாயிரம் திர்ஹம் நோட்டாகக் கொடுத்தால், வரி போக என் கையில் எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். வரியின் பொதுவான முறை இது: ஒரு இலட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. எனவே எவ்வளவு சிறிய தொகையானாலும் 45 ரூபாய் வரி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை மாற்றுவது வீண்செலவே.

மகன் அங்கிருந்தே வங்கி வழியாக அனுப்பினால், நோட்டுக்குக் கிடைப்பதைவிடப் பொதுவாக நல்ல விலை கிடைக்கும். அங்கும் அனுப்புகூலியையும் விலையையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும்.

தெருவில் ஐம்பது காசு அதிகம் தருவதாகச் சொல்லும் தரகரிடம் போகவேண்டாம். உரிமமற்றவரிடம் மாற்றுவது 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்திற்கு விரோதமானது. சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

பிள்ளைகளைப் பார்க்கத் துபாய் சென்றுவரும் பெற்றோருக்கும் ஒரு விதி உண்டு. மீந்த நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்புவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிவந்த 180 நாட்களுக்குள் மாற்றிவிடவேண்டும். நாணயங்களுக்கு இந்த வரம்பு இல்லை. ஆகிலும் அவற்றைக் கடைகளில் பெரும்பாலும் வாங்குவதில்லை. அடுத்து அந்நாட்டுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.