ஆயா சொன்ன நாக்கு வைத்தியம்

வடக்குக் கரைப் பிள்ளைகள் – 11

"ஆயா, பல்லு ஆடுது!"

"கைய வைக்காத. நாக்கால தள்ளிக்கினே இரு, அதுவா வுழுந்துடும்."

காசிமேட்டில் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்தபடியே எந்த ஆயாவும் சொல்லக்கூடிய பதில் இது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் பெரிதாக மாறாது. வெள்ளைக் கோட்டு போட்ட பல் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். ஆனால் வீட்டில் ஆயா பேச்சை யார் கேட்கிறார்கள்? நைனா நூலைத் தேடுவார். மாமா கதவைப் பார்ப்பார். மீன்பிடிக் குடும்பமென்றால் நூலுக்குக்கூட அலைய வேண்டாம், தூண்டில் நரம்பு கையெட்டும் தூரத்தில் தொங்கும். பிள்ளை அதற்குள் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

ஆயா சொன்னது ஏன் சரி என்பதற்குப் பல்லின் வேரைப் பார்க்க வேண்டும். பால் பற்கள் மொத்தம் 20. ஆறு வயதை ஒட்டிக் கீழ்வரிசையின் நடுப் பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கும். அடுத்து மேல்வரிசை நடுப் பற்கள். அடியிலிருந்து நிலைப்பல் மேலேறி வர வர, பால் பல்லின் வேரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. அந்த வேலைக்கென்றே தனியாகச் செல்கள் இருக்கின்றன. வேர் முழுக்கக் கரைந்த பல், ஈறின் சதையில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். அதனால்தான் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வெறும் தொப்பி மாதிரி இருக்கிறது. 'வேரு உள்ளயே முறிஞ்சு நின்னுடுச்சோ' என்று பதறும் அம்மாக்கள் பதற வேண்டியதில்லை. கதவில் நூல் கட்டி இழுக்கும்போதுதான் அந்த ஆபத்து வருகிறது. பாதி கரைந்த வேர் முறியும், ஈறு கிழியும், வலிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்காது.

பல் எல்லாப் பக்கமும் தாராளமாகச் சாயும்போது பிள்ளையே கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான துணியால் பிடித்து மெதுவாகத் திருகி எடுக்கலாம். வலிக்கிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். எடுத்த இடத்தில் சுத்தமான பஞ்சையோ துணியையோ மடித்து வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கடித்துக்கொள்ளச் சொன்னால் ரத்தம் நின்றுவிடும். நடுநடுவே எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. எச்சிலோடு கலந்து வருவதால் ஒரு சொட்டு ரத்தம்கூட வாய் நிறைந்தது போலத் தெரியும். அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் உறையாத நோய் குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சோற்றோடு பல்லை முழுங்கிவிட்டால் கவலை இல்லை, அது தன் வழியில் வெளியே போய்விடும். முழுங்கியபின் விடாத இருமல், மூச்சுத் திணறல் என்றால் பல் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சில பிள்ளைகளுக்குக் கீழ்வரிசையில் பால் பல் விழும் முன்னாலேயே பின்பக்கம் புதுப் பல் எட்டிப் பார்க்கும். 'ரெண்டு வரிசைப் பல்லு' என்று தெருவே கூடிப் பார்க்கும். பெரும்பாலும் முன்னால் இருப்பது தானே விழ, பின்னால் இருப்பது நாக்கின் தள்ளலில் முன்னுக்கு வந்துவிடும். ஓரிரு மாதமாகியும் பால் பல் அசையவே இல்லையென்றால் டாக்டரிடம் காட்டினால் போதும்.

இவ்வளவு நேரம் பேசியது முன்பல் கதை. வடசென்னையில், ஏன் தமிழ்நாடு முழுக்கவே, பிள்ளைகளின் வாய் கெடுவது கடைவாயில்தான். அதற்குக் காரணமும் ஒரு வாக்கியம்: 'வுழுற பல்லுதானே, வுடு.'

கடைவாய்ப் பால் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. சவ்வு மிட்டாயும் கமர்கட்டும் இடுக்கில் ஒட்டிச் சொத்தையாகி, ஏழு வயதிலேயே அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் காலி இடத்தில் சாய்ந்துகொள்ளும். அடியிலிருந்து நிலைப்பல் வரும்போது அதற்கு இடமில்லை. புறம்போக்கில் குடிசை போட்ட கதைதான். சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடம் மூடாமல் பிடித்துவைக்கச் சின்னக் கம்பி வளையம் ஒன்றை மாட்டுவார்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலைப்பல், வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல். எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. சொத்தையானால் 'பால் பல்லு, வுழுந்துடும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. இரவு படுக்கும் முன் டார்ச் அடித்து அந்தக் கடைசி மூலையைப் பார்க்கும் அப்பாக்கள் அபூர்வம்.

காட்டுவதற்கு இடமில்லாத பகுதியல்ல இது. பெரியவர்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. எண்ணூரிலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் ரயில் பிடித்து, அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளிக் கோட்டையில் இறங்கினால் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. காத்திருக்க நேரமாகும் என்பது உண்மை. ஒரு நாள் கூலி போகும் என்பதும் உண்மை. சொத்தை வீங்கிய பிறகு ஒரு நாளோடு முடியாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேரம், பந்து, பாக்ஸிங் என்று வளரும் பகுதி இது. வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து எப்படியோ, ராயபுரத்துக்கு பாக்ஸிங் அப்படி. பாக்ஸர் பல்லுக்குக் கவசம் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் இறங்குவார். தெரு கிரிக்கெட்டில் யார் போடுகிறார்கள்? அடிபட்டுப் பல் தெறித்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்தப் பல் என்பதை. பால் பல்லென்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் காத்திருக்கும் நிலைப்பல்லுக்குச் சேதம். எட்டு வயதுப் பிள்ளையின் மேல் முன்பல் என்றால் அது பெரும்பாலும் நிலைப்பல். வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசி, வந்த குழியிலேயே வைத்து அழுத்த வேண்டும். முடியாதென்றால் டீக்கடையில் ஒரு டம்ளர் காய்ச்சாத பாலோ ஆறிய பாலோ வாங்கி அதில் போட்டு ஓட வேண்டும். அரை மணிக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. துணியில் துடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனால் டாக்டரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

தானாக விழுந்த பல்லை என்ன செய்வது? சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டுக்கூரை மேல் எறிவது வழக்கம். திருவொற்றியூரில் சாணிக்குப் பஞ்சமில்லை, ஓட்டுக்கூரைக்குத்தான் பஞ்சம். ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக்கு எறிந்தால் அடுத்த வீட்டு வடகத்தில் விழும்.

எறியாமல் சேர்த்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1958இல் தொடங்கிச் சுமார் 12 ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேலான பால் பற்களைத் திரட்டினார்கள். அணுகுண்டுச் சோதனையிலிருந்து காற்றில் கலந்த ஸ்ட்ரான்சியம்-90, சுண்ணாம்புச் சத்தைப் போலவே பல்லில் போய்ப் படிந்திருந்தது. 1979இல் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய செல்சீ போன்ற ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பற்களில் ஈயத்தை அளந்தார். ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் வகுப்பில் கவனம் சிதறுவதையும் அறிவுச் சோதனையில் பின்தங்குவதையும் காட்டினார். சென்னையில் பல்லை அல்ல, ரத்தத்தைப் பார்த்தார்கள். 3 முதல் 7 வயதுவரை 756 பிள்ளைகளிடம் எடுத்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம், அன்று எச்சரிக்கைக் கோடு 10. பெட்ரோலிலிருந்து ஈயத்தை நாடு முழுக்க நீக்கியது 2000இல்தான்.

அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் உரத் தொழிற்சாலைப் புகைக்கும் நடுவே வளரும் எண்ணூர்ப் பிள்ளையின் பல்லில் என்ன எழுதியிருக்கும்? தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கும் பல் அது. செயின்ட் லூயிஸில் பல் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள், 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று. காசிமேட்டு ஆயாவிடம் இதைச் சொன்னால், பெருங்காய டப்பாவில் போட்டு வைப்பதா, கூரைக்கு எறிவதா என்று கொஞ்சம் யோசிப்பாள்.

(தொடரும்)