பாட்டியின் முடிச்சில் வெள்ளி ரூபா

உடுவிலிற் பழைய வீடுகளின் பெட்டகங்களைத் திறந்தால், துணி முடிச்சொன்றில் நாலைந்து வெள்ளி ரூபா அகப்படுவதுண்டு. அவை பெரும்பாலும் இந்திய நாணயங்களே. ஆங்கிலேய ஆட்சியில் 1892 முதல் இலங்கைக்கென வெள்ளியில் ஐம்பது, இருபத்தைந்து, பத்துச் சதங்கள் அடிக்கப்பட்டனவேயன்றி ரூபா அடிக்கப்படவில்லை.

பணமுடை வந்ததும் அம்முடிச்சு தட்டாரிடம் போகிறது. அவர் நிறுத்து விலை சொல்கிறார், ஆண்டைப் பார்ப்பாரில்லை. 1911ஆம் ஆண்டு ரூபாவை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் அங்கியிற் பொறித்த யானை பன்றிபோலத் தோன்றியதென மக்கள் வெகுண்டெழ, அரசாங்கம் அதனை மீட்டுப் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912இல் யானைக்குத் துதிக்கை திருந்தியது! எஞ்சிய பன்றி ரூபாவைச் சேர்ப்போர் இன்றும் தேடுகின்றனர். தராசு இக்கதையை அறியுமா?

கொழும்பிலும் சென்னையிலும் நாணயச் சேர்ப்போர் கூடும் கண்காட்சிகளுக்குச் செல்லும் நேயர்கள், கண்ணாடிப் பேழைகளைக் கண்டு மயங்க வேண்டா. மலிவு இருப்பது மூலையிலுள்ள கலப்புத் தட்டிலே. அங்கே எல்லாம் ஒரே விலை. இந்திய ரூபாவில் 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதியே. நமது ஐம்பது சதத்தில் 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு. 1919 முதல் 55 பங்கு. ஆண்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதே விலையில் கூடுதல் வெள்ளி கிடைக்கும். மாலையில், கடை கட்டும் வேளையில், வியாபாரியின் மனமும் சற்று இளகும்.

ஆயினும் 1939 ரூபா மலிவாகக் கிடைத்தால் ஐயுறுக. அஃது அரியது, ஆகவே போலியும் மிகுதி. சரியான ரூபா 11.66 கிராம் நிற்கும், காந்தத்தில் ஒட்டாது. சிறு தராசொன்றைக் கொண்டுசெல்வதில் வெட்கமில்லை.

புளி போட்டுத் துலக்கிய நாணயத்தைச் சேர்ப்போர் விரும்புவதில்லை. குத்துவிளக்குத் துலக்கிய கைகளுக்கு இது விளங்குவது கடினந்தான். நம் வீட்டிலும் விளங்கவில்லை. பளபளத்த மூன்று விக்டோரியா ரூபாக்களுக்கு வியாபாரி வெள்ளி விலைக்குமேல் ஒரு சதமும் தர மறுத்தார்.

அயலிலுள்ள கந்தரோடையோ வேறு கணக்கு. சேர் போல் பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து, முத்திரை குத்திய தொன்மையான நாணயங்களையும் உரோம நாணயங்களையும் வெளிப்படுத்திய மண் அது. அங்கே மண்வெட்டியில் அகப்படும் காசுக்குப் பேரமே கிடையாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அஃது அரசுக்குரியது. கண்டெடுத்தவர் உடனே அறிவித்தல் வேண்டும்.