கம்பனி ஓவியம் யாருடையது?

1739இல் நாதிர்ஷா டில்லியைச் சூறையாடிய பின்னர் முகலாய அரண்மனை ஓவியக்கூடம் பழைய செழிப்புக்குத் திரும்பவேயில்லை. ஓவியர்கள் முர்ஷிதாபாத், லக்னோ, பட்னா என்று நவாபுகளையும் செல்வந்தரையும் தேடிப் போனார்கள். 1757இல் பிளாசிப் போருக்குப் பிறகு வங்காள நவாபின் கையும் காலி. படம் வாங்க மிஞ்சியவர்களில் காசுள்ளவர்கள் ஆங்கிலேயர்தான்.

கல்கத்தாவின் பிரதம நீதியரசர் எலிஜா இம்பேயின் மனைவி மேரி, தன் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் 1777 முதல் வரைவித்தார். முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். கீறியவர்கள் பட்னாக்காரர் மூவர்: ஷெய்க் ஸைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ். கடதாசி இங்கிலாந்திலிருந்து வந்தது. பொன்வேலையில்லை, மாளிகையில்லை, பின்னணி பெரும்பாலும் வெறும் வெள்ளை. எல்லாம் அம்மணி கேட்டபடிதான். ஆனால் அந்த இறகுகளைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். இழை இழையாகத் தீட்டும் அந்தப் பொறுமை, ஜஹாங்கீரின் அவையில் பறவைகளை வரைந்த உஸ்தாத் மன்சூரின் வழி வந்தது.

இவற்றை நூல்கள் ‘கம்பனி ஓவியம்’ என்கின்றன. வாங்கியவரின் பெயரால் ஒரு கலையை அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸைனுத்தீன் தன் பெயரைப் பாரசீக எழுத்தில் படத்திலேயே இட்டு வைத்திருக்கிறாரே!